பதினோரு அங்குலக் கை

சிலிண்டரக்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது. சட்டைதான் கிடைக்கவில்லை. அந்தப் பெரிய மருத்துவமனையில் சட்டை இல்லாதவருக்கு வேலையும் இல்லை என்பதை முதல் நாளே மூன்று ஜன்னல்களில் மூன்று பேர் அவளுக்கு எடுத்துச் சொன்னார்கள். மூவரும் வார்த்தை பிசகாமல் ஒரே வாக்கியத்தைச் சொன்னதால், அது நியாயமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளும் நம்பினாள்.

பன்னிரண்டு வருஷம் எரிவாயு சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கியதில் வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் தோளும் கையும் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்து, பருத்து, இறுகி, முறுக்கேறி நின்றுவிட்டன. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் அவள் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அவள் புருஷன் எங்கே என்று தேடுவார்கள். புருஷன் தையல்காரர். ஒல்லி. அவரைப் பார்த்ததும் அவர்களுக்கு ஏதோ புதிர் விடுபட்ட மாதிரி ஒரு சிரிப்பு வரும். நாத்தனார் இன்னும் பக்குவமானவள். குடும்பமாகப் போட்டோ எடுக்கும்போதெல்லாம், "அண்ணி, குளிருது பாருங்க, சால்வையைப் போத்திக்குங்க" என்பாள். கொளுத்தும் வெயிலிலும் அந்தக் குடும்பத்தில் அண்ணிக்கு மட்டும் குளிரும்.

பிறகு பேட்டைக்குக் குழாய் வழியாக எரிவாயு வந்தது, ஏஜென்சியை மூடிவிட்டார்கள். தெருமுனையில் ஆயத்த ஆடைக் கடை வந்ததிலிருந்து தையல்காரரின் மிஷினும் பாதி நாள் போர்வைக்குள் தூங்கியது. வேலை வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவள் சிலிண்டர் போட்டுவந்த நாலாவது மாடி வாத்தியார். படுத்த படுக்கையாக இருந்த அவரை இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, பாவம், தூக்கும்போதெல்லாம் அழவைப்பார்கள். ஒரு நாள் சிலிண்டரை இறக்கிவைத்த கையோடு இவள் போய் அவரை அலுங்காமல் தூக்கி மொட்டைமாடியில் உட்காரவைத்தாள். அவர் அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கை எதற்காக இப்படி வளர்ந்தது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. அதனால் 'நோயாளி தூக்குநர்' வேலைக்கு விளம்பரம் வந்தபோது, தன்னை மனதில் வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தாள்.

தேர்வில் அறுபது கிலோ மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முப்பது மீட்டர் நடக்கச் சொன்னார்கள். நடந்தாள். எங்கே இறக்குவது என்று கேட்டாள். தேர்வாளர் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்து முடிக்கும்வரை மூட்டையோடு நின்றாள். பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. இரண்டாவது பெயர், மூட்டையைத் தேர்வாளரின் கால்மேல் போட்ட ஆணுடையது. ஆணை வந்த நாற்பத்தைந்து நாளுக்குள் சீருடை அணிந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் பணியிடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும் என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. நாற்பத்தைந்து நாள் எதற்கு, நாற்பத்தைந்து நிமிஷம் போதுமே என்று சிரித்துக்கொண்டே அவள் சீருடைப் பிரிவுக்குப் போனாள்.

சட்டையின் கை அவள் முழங்கைக்கு இரண்டு விரல் மேலே வந்து நின்றுவிட்டது. சீருடை அதிகாரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்துச் சட்டைக் கையின் சுற்றளவை அளந்தார். பதினோரு அங்குலம். ரிஜிஸ்டரைப் புரட்டினார். அதிலும் பதினோரு அங்குலம். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"சட்டை சரியாத்தாம்மா இருக்கு" என்றார். "கைதான் தப்பு."

பெரிய அளவுச் சட்டை இருக்குமா என்று கேட்டாள். இருந்தது. உடம்பு விசாலமாக, இரண்டு பேர் குடியிருக்கும் அளவுக்கு இருந்தது. கை அதே பதினோரு அங்குலம். அதிகாரி பொறுமையாக விளக்கினார். பெண் பணியாளர்கள் வயிறு பெருக்கலாம், இடுப்பு பெருக்கலாம், அதற்கெல்லாம் மேலிடம் எப்போதோ அனுமதி கொடுத்துவிட்டது. கை பெருக்க மட்டும் அனுமதி இல்லை. அப்படி ஒரு விண்ணப்பமே இதுவரை வந்ததில்லையாம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். தையல்காரர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார், பல்லில் நூலைக் கடித்தார், அக்குளுக்குக் கீழே அதே நிறத்தில் ஒரு முக்கோணத் துண்டை வைத்து அடித்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சட்டை சுகமாக உட்கார்ந்தது. அவள் கையை மேலே தூக்கினாள், பக்கவாட்டில் நீட்டினாள், அவரையே இடுப்பில் பிடித்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். தையல் தாங்கியது.

மறுநாள் வருகைப் பதிவு மேசையிலேயே அது பிடிபட்டது. அதிகாரி தையலைப் பிரித்துப் பார்த்து, ஒரு நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனைச் சொத்தில் அனுமதியின்றி முக்கோணம் சேர்த்ததற்காக ஒரு மெமோ எழுதப்பட்டது. முக்கோணம் கைப்பற்றப்பட்டு, உறையில் போடப்பட்டு, அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. உறையின் மேல் 'அபாயகரமான துணி' என்று எழுதலாமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம், 'துணி' என்று மட்டும் எழுது, மீதியை விசாரணை முடிவு செய்யட்டும் என்றார் அதிகாரி. அவர் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிறவர் இல்லை.

அடுத்து, ஆண்கள் சட்டையைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். ஆண்கள் சட்டைக்குக் கைச்சுற்றளவு பதினாறு. அலமாரி நிறைய அடுக்கியிருந்தது. கொடுக்கலாம், தடையே இல்லை என்றார் அதிகாரி. படிவத்தில் 'ஆண்' என்ற இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதும். சட்டைக்கு அதெல்லாம் தெரியவா போகுது சார் என்று அவள் கேட்டாள்.

"சட்டைக்குத் தெரியாதும்மா. ரிஜிஸ்டருக்குத் தெரியும்."

கையெழுத்துப் போட்டால் என்னவெல்லாம் ஆகும் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். உடை மாற்றும் அறை மாறும். குடும்ப விவரப் பக்கத்தில் 'மனைவி' என்ற இடத்தில் தையல்காரரின் பெயர் ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவை தையல்காரர் தாய்சேய் நலப் பரிசோதனைக்கு வர வேண்டும். வராவிட்டால் அவருக்குத் தனியாக மெமோ வரும். தையல்காரரிடம் கேட்டபோது, உன் வேலைக்காக அதற்கும் போகிறேன் என்றார் அந்த நல்ல மனிதர். அவள்தான் வேண்டாம் என்றுவிட்டாள். தான் பெண் என்பதில் அவளுக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் வந்ததில்லை; ஒரு சட்டைக்காக இப்போது சந்தேகப்பட அவள் தயாராக இல்லை.

பன்னிரண்டாம் நாள் விவகாரம் மருத்துவர்களிடம் போனது. எலும்பு மருத்துவர் ஒருவர் அவள் கையை மடக்கி நீட்டி, அமுக்கிப் பார்த்து, 'நல்ல கை' என்று சீட்டில் எழுதி அனுப்பினார். சீட்டு திரும்பி வந்தது. படிவத்தில் 'நோயின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அது காலியாக இருந்தால் ஃபைல் நகராது. நோய் இல்லையே என்றார் மருத்துவர். அப்படியானால் எதற்காக இந்தப் பெண் உங்களிடம் அனுப்பப்பட்டாள் என்று கேட்டு அவருக்கு ஒரு குறிப்பு வந்தது. அவர் வயதானவர், ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தது. 'கட்டுப்பாடற்ற ஆரோக்கியம்' என்று எழுதிக் கொடுத்தார். ஃபைல் நகர்ந்தது.

நோய் உறுதியானதும் பெண்கள் நல அலுவலர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். நல அலுவலரின் அறையில் பெண்கள் முன்னேற்றத்தைப் பற்றிய சுவரொட்டிகள் ஆறு இருந்தன. எல்லாவற்றிலும் பெண்கள் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையும் ஒட்டடைக்குச்சி பருமன்.

"பாரும்மா, நான் பெண்களுக்கு எதிரி இல்ல" என்றார் நல அலுவலர். "பெண்கள் பலமா இருக்கணும்னு நான் பேசாத மேடையே கிடையாது. ஆனா அந்த பலம் உள்ள இருக்கணும். மனசுல இருக்கணும். வெளியில தெரிஞ்சா பாக்கறவங்களுக்குச் சங்கடம். ஒரு ஆம்பளை நோயாளி, ஏற்கெனவே கால் உடைஞ்சு வந்திருக்கார். உன்னை மாதிரி ஒருத்தி அவரை அலாக்கா தூக்கினா அவர் மனசு என்ன பாடுபடும்? கால் உடைஞ்சதைத் தாங்கிப்பார். இதைத் தாங்குவாரா?"

கீழே விழாமல் இருந்தால் தாங்குவார் மேடம் என்றாள் சிலிண்டரக்கா. நல அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார். 'பேச்சிலும் பலம் தெரிகிறது' என்று பிற்பாடு அறிக்கையில் இருந்தது.

இப்படித்தான் அவள் 'புஜக் குறைப்புத் திட்ட'த்தில் சேர்க்கப்பட்டாள். மருத்துவமனை வரலாற்றிலேயே முதல் பயனாளி. திட்டம் சுலபமானது. முப்பது நாள் எதையும் தூக்கக் கூடாது. காலையிலிருந்து மாலை வரை சீருடைப் பிரிவு வாசலில், எல்லார் கண்ணிலும் படும்படி நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தினமும் பத்து மணிக்கு அதிகாரி டேப்போடு வந்து அளந்து ரிஜிஸ்டரில் எழுதுவார். பதினாலரை அங்குலத்தில் ஆரம்பித்து, நாளொன்றுக்கு இத்தனை என்று இறங்கி, முப்பதாம் நாள் பதினொன்றில் வந்து நிற்கும் என்று எழுத்தர் ஒரு வரைபடம் போட்டு ஒட்டினார். பார்க்க லட்சணமாக இருந்தது.

உட்கார்ந்தே இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது. முதல் நாள் கால் ஆடியது. இரண்டாம் நாள் விரல்கள் நாற்காலியின் கையைப் பிடித்துப் பிடித்து விட்டன. எதிரே ஸ்ட்ரெச்சர்கள் போய்க்கொண்டிருந்தன. இடுப்பு உடைந்த ஒரு கிழவரை இரண்டு பேர் கம்பளியின் இரண்டு முனையையும் பிடித்துத் தொட்டில் மாதிரி தூக்கிப் போனார்கள். அவர் எழுப்பிய சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது. இவள் பாதி எழுந்துவிட்டாள். "உக்காரும்மா, அளவு கெட்டுடும்" என்று எழுத்தர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து சும்மா இருந்தறியாத கை, நான் என்ன தப்பு செய்தேன் என்று அவளையே கேட்பது போல் இருந்தது.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் அலுவலகங்களுக்குப் பொறுக்காது. நாலாம் நாள் எழுத்தர், சும்மாதானே இருக்கே, இந்த பீரோவைக் கொஞ்சம் நகர்த்திக் கொடு என்றார். ஆறாம் நாள் பக்கத்துப் பிரிவிலிருந்து வந்து இரண்டு மேசையைத் தூக்கச் சொன்னார்கள். பிறகு, அவள் விவகாரத்தை முடிவு செய்வதற்கென்றே அமைத்திருந்த அளவுக் குழுவுக்குப் பெண்கள் எடை தூக்குவது பற்றிய பழைய விதிப்புத்தகம் தேவைப்பட்டது. அது கிடங்கில் ஏழு இரும்பு பீரோக்களுக்குப் பின்னால் இருந்தது. அவளே ஏழு பீரோவையும் நகர்த்தி எடுத்துக் கொடுத்தாள். பெண் பணியாளர் எவரும் ஆண் ஒருவரின் மேற்பார்வை இல்லாமல் பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அதிகாரி பதறிப்போய், அந்த ஏழு பீரோக்களையும் எழுத்தர் மேற்பார்வை செய்ததாக முன்தேதியிட்டு எழுதினார். அவற்றை மறுபடி பழைய இடத்தில் வைக்கும்போது எழுத்தர் உண்மையாகவே கூட நின்றார். விதி ஒரு பக்கம் இருக்க, அவர் கால்விரல் மேல் ஒரு பீரோ இறங்கப் பார்த்தது. அவள்தான் பிடித்தாள்.

திட்டத்தின் இருபதாம் நாள் அளவு பதினாலே முக்கால். அதிகாரி டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தார். ஒத்துழைப்பு போதவில்லை என்று வருத்தமாகச் சொன்னார். சாப்பாட்டைக் குறைத்துப் பாரேன் என்று நல அலுவலர் ஆலோசனை சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். தையல்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தபடியே அவள் கேட்டாள்: "ஏங்க, என் கை உங்களுக்கும் அசிங்கமா இருக்கா?"

தையல்காரருக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

"இருபது வருஷமா ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறேன். போய் உன் கையைச் சின்னதாக்கிட்டு வான்னு ஒருத்தரைச் சொல்லியிருப்பேனா? அப்படிச் சொன்னா நான் தையல்காரனா? எந்திரி. சாப்பிடு."

எழுந்து சாப்பிட்டாள். அழுகையும் வந்தது, பசியும் இருந்தது. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

ஆணை வந்த நாற்பத்தைந்தாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அளவுக் குழு மூன்றாம் மாடியில் கூடியது. லிஃப்ட் ஆறு மாதமாகப் பழுது. குழுத் தலைவர் கனத்த சரீரம். மூன்று மாடியும் ஏறி வந்து கால் மணி நேரம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். அவளை ஓரமாக நிற்கவைத்திருந்தார்கள். ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை போய்விடும் என்பது அவளுக்கு வயிற்றுக்குள் கடிகாரமாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலில் இரண்டாமவர் வெளியே நாற்காலியில் காத்திருந்தார். புத்தம் புதுச் சட்டை, அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது.

"நம்ம ஆஸ்பத்திரி அறுபது வருஷமா நோயாளிகளைத் தூக்கிட்டு இருக்கு" என்று தலைவர் நிதானமாகச் சொன்னார். "எத்தனையோ பேரைக் கீழ போட்டிருக்கோம். ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தரைக்கூட விதியை மீறித் தூக்கினதில்ல. அந்தப் பேரை இந்தக் கையால நான் கெடுத்துக்கத் தயாரா இல்ல."

குழு மேசையைத் தட்டியது. தீர்மானத்தைக் கீழே அலுவலகத்தில் தட்டச்சு செய்து கையெழுத்திடுவது என்று முடிவானது. தலைவர் எழுந்தார். பாதி எழுந்த நிலையில் அவருடைய வலது முட்டி பூட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவர் போட்ட கூச்சலில் ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன.

தூக்குநர்களை அழைத்தார்கள். மூத்தவர் இடுப்பு வலி விடுப்பில் இருந்தார். தூக்கி வந்த வலி இல்லை, உட்கார்ந்து வந்தது. இளையவர் வந்து, நோயாளிச் சீட்டு எங்கே என்று கேட்டார். சீட்டு கீழே கொடுப்பார்கள். சீட்டு வாங்க நோயாளி நேரில் வர வேண்டும். கடைசியில் தலைவரை நாற்காலியோடு தூக்கலாம் என்று ஐந்து ஆண்கள் சேர்ந்து தூக்கினார்கள். கதவுவரை போனார்கள். கதவில் முட்டி அடிபட்டது. தலைவர் அவர்கள் ஐவரின் தாய்மார்களையும் விசாரித்தார். அப்போது நல அலுவலர் அவளருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "நீ கொஞ்சம் தூக்கேன்மா" என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை. வலியில் ஒரு மனுஷன் கத்துகிறான், கை தானாகப் போனது. ஒரு கையை முதுகுக்கும் இன்னொன்றை மடங்கிய முட்டிக்கும் அடியில் கொடுத்து, முட்டி அசையாமல் அவரை ஏந்திக்கொண்டாள். கூச்சல் நின்றது. அவள் படியிறங்கினாள். நாற்பத்தைந்து நாளில் அவளுக்கு அன்றைக்குத்தான் உடம்பு உடம்பாக இருந்தது. அதிகாரி குறிப்பேட்டோடு பக்கத்திலேயே ஓடிவந்தார். இரண்டாம் மாடியைத் தாண்டியபோது தலைவருக்கு வலி சுத்தமாக அடங்கி, கடமை ஞாபகம் வந்தது. அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்:

"எழுதிக்குங்க. மேற்படி பெண்ணின் புஜபலம் ஒரு பெண்ணுக்கு ஆகாதது, இந்த மருத்துவமனைக்கு எவ்வகையிலும் பயன்படாதது என்பதால்..."

அவள் நின்றாள். இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடம் அது. அவரை மெதுவாக, முட்டி அலுங்காமல், படியில் உட்காரவைத்தாள்.

"என்னாச்சு?" என்றார் தலைவர்.

"நான் இன்னும் வேலையில சேரல சார். சீருடை இல்லாதவங்க நோயாளியைத் தொடக்கூடாதுன்னு விதி. இவ்ளோ தூரம் தொட்டதே தப்பு."

மணி நாலு இருபது. அதிகாரி மிரட்டினார், நல அலுவலர் கெஞ்சினார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே பயமாகத்தான் இருந்தது. இரண்டாமவரை வரவழைத்தார்கள். அவர் புதுச் சட்டையோடு வந்து, குனிந்து, தலைவரை அக்குளில் பிடித்து இழுத்தார். அதற்குப் பிறகு தலைவர் அவரைப் பத்தடிக்குள் வர விடவில்லை.

"எம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். தூக்கு" என்றார் தலைவர். முகம் வேர்வையில் நனைந்திருந்தது. அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"தூக்கறேன் சார். கை தப்பா, சட்டை தப்பா? அதை மட்டும் சொல்லிடுங்க."

தலைவர் குழுவைப் பார்த்தார். குழு படிக்கட்டின் கைப்பிடியைப் பார்த்தது.

"சட்டை" என்றார்.

அதிகாரி, எழுத்தில் வேண்டும் என்றார். எழுதி, அதிகாரியின் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்தும் போட்டார் தலைவர். சீருடைப் பிரிவிலிருந்து ஒரு பதினோரு அங்குலச் சட்டையும், காயம் கட்டும் அறையிலிருந்து கத்தரிக்கோலும் வந்தன. சட்டைக் கையை வெட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை; எல்லாருக்கும் முக்கோணத்தின் கதி தெரியும். தலைவரே அதை மடியில் வைத்துத் தோள்வரை கிழித்தார். அவள் ஓரமாகப் போய் மாட்டிக்கொண்டு வந்தாள், வருகைப் பதிவைப் படிக்கட்டுக்கே கொண்டுவரச் சொல்லி நாலு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டாள், தலைவரைத் தூக்கிக் கீழே எலும்புப் பிரிவில் சேர்த்தாள். மருத்துவமனையின் முதல் பெண் தூக்குநர் பணியில் சேர்ந்த வரலாறு இதுதான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு அலுவலகங்களைத் தெரியாது. படிக்கட்டில் உட்கார்ந்து கையெழுத்திட்டதை ஒரு தலைவரால் ஒத்துக்கொள்ள முடியுமா? முப்பது நாள் தொடர்ந்து நடத்திய ஆய்வின் முடிவில், பெண்ணின் சரியான கைச்சுற்றளவு பதினாலரை அங்குலம் எனக் கண்டறியப்பட்டிருப்பதாக இரண்டு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. பின்னாலேயே எல்லாப் பெண் பணியாளருக்கும் அந்த அளவில் புதுச் சட்டை வந்தது. சலவைப் பெண்களும் துப்புரவுப் பெண்களும் சமையலறைப் பெண்களும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது, கைக்குள் காற்று புகுந்து படபடவென்று அடித்தது. அதிகாரி பார்த்தார். அவருக்குத் தூக்கம் போய்விட்டது. எழுபத்து மூன்று பெண்களுக்கும் கை போதவில்லை.

'புஜ வளர்ப்புத் திட்டம்' அறிவிக்கப்பட்டது. கை போதாதவர்கள் முப்பது நாள் வேலையை விட்டு நின்று மணல் மூட்டை தூக்க வேண்டும். அதற்கும் வளராவிட்டால் வேலை கிடையாது. அளவெடுக்கும் பொறுப்பு, அனுபவம் உள்ளவர் என்ற முறையில், சிலிண்டரக்காவுக்கு வந்தது. மேசை, நாற்காலி, டேப், புது ரிஜிஸ்டர். இது பெரிய கௌரவம், இனிமேல் நீ எங்களில் ஒருத்தி என்று நல அலுவலர் அவள் தோளைத் தட்டினார். தட்டிய கை வலித்ததோ என்னவோ, உதறிக்கொண்டார்.

முதலில் வந்தவள் சலவைப் பிரிவுப் பெண். இருபது வயசு இருக்கும். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள்.

"ஒம்பது கூட வராதுக்கா" என்றாள். "தினமும் ரெண்டு வேளை மூட்டை மூட்டையாத்தான் துவைக்கிறேன். என் கை இப்படித்தான் இருக்கு. வேலை போயிடுமா?"

சிலிண்டரக்கா டேப்பை அந்தக் கையைச் சுற்றி வைத்தாள். எட்டே முக்கால். அந்தக் கைக்குள் நாடி ஓடுவது டேப்பிலேயே தெரிந்தது. இந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காரும்போது உலகம் எப்படித் தெரிகிறது என்று அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பதினாலரை" என்று சத்தமாகச் சொல்லி, ரிஜிஸ்டரில் எழுதினாள்.

அந்தப் பெண் தன் கையைக் குனிந்து பார்த்தாள், இவளைப் பார்த்தாள், பிறகு கையெழுத்துப் போட்டாள். அடுத்தவளுக்குப் பத்தே கால். பதினாலரை என்று எழுதினாள். அதற்கடுத்தவள் சமையலறையில் பாத்திரம் தூக்கித் தூக்கிப் பன்னிரண்டு வைத்திருந்தாள், அவளுக்கும் பதினாலரை. கடைசி வரிசைக்கு வரும்போது பெண்கள் அளவெடுக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எழுபத்து மூன்று பெயர், எழுபத்து மூன்று பதினாலரை.

அதிகாரி ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். பெண்கள் இன்னும் அவர் எதிரேதான் நின்றிருந்தார்கள், சட்டைக் கையோரங்கள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ரிஜிஸ்டர் இருக்கும்போது ஆளைப் பார்ப்பது அவருக்குப் பழக்கமில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரே எண், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கை நான் பாத்ததே இல்லம்மா" என்றார்.

அதற்குள் மூன்றாம் வார்டில் மணி அடித்தது. யாரையோ எக்ஸ்ரேக்கு எடுத்துப் போக வேண்டும். சிலிண்டரக்கா டேப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வேகமாக நடந்தாள்.